பாதுகாப்புக் கண்ணாடியில் பவர் லென்ஸ் போடுவது: கடலூர்க் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸ் வெட்டி ஃபிரேமில் ஏற்றுவது என் வேலை. 20 வருடத்துக்கு மேலாகிறது. சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் போட் கட்டுகிறவர்கள், நெய்வேலிக்கு கான்ட்ராக்டில் போகும் ஃபிட்டர்கள், புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். பவர் இருக்கிறது, வேலையில் சேஃப்டி கண்ணாடி போடச் சொல்கிறார்கள், இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கவுன்டரில் நின்றுகொண்டு அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கம்பெனியில் கொடுத்த சேஃப்டி கண்ணாடி இருக்கிறது. அதிலிருக்கும் சாதா லென்ஸைக் கழற்றிவிட்டு என் பவரைப் போட்டுத் தருவீர்களா?

பெரும்பாலும் முடியாது. முடிந்தாலும் போடக்கூடாது.

கம்பெனியில் பெட்டி பெட்டியாக வாங்கித் தருகிற கண்ணாடி, பவர் இல்லாத லென்ஸோடு சேர்த்தே வடிவமைத்து, சேர்த்தே சோதிக்கப்பட்டது. பலவற்றில் இரண்டு கண்ணுக்கும் ஒரே வளைந்த தகடுதான் இருக்கும். அந்தத் தகடுதான் ஃபிரேமுக்கே பலம். அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸை ஏற்றினால், மேலே பொறித்திருக்கிற தர முத்திரைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். பார்ப்பதற்குச் சேஃப்டி கண்ணாடி மாதிரியே இருக்கும், சூப்பர்வைசரும் ஒன்றும் கேட்கமாட்டார். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

அப்போது எந்த ஃபிரேமில் பவர் போடலாம்? பார்த்தால் தெரியுமா?

பவர் போடுவதற்கென்றே செய்த சேஃப்டி ஃபிரேம்கள் தனியாக வருகின்றன. ஃபிரேமின் முன்பக்கமும் சைடு கம்பியின் உள்பக்கமும் பொடி எழுத்தில் முத்திரை இருக்கும். படிக்க முடியாவிட்டால் மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அமெரிக்கத் தரமான ஆன்சி இசட் 87.1-இன்படி செய்திருந்தால், இசட் என்ற எழுத்துக்குப் பின்னால் 87-2 என்று இருக்கும். கடைசியில் வருகிற அந்த 2-தான் பவர் லென்ஸுக்கான ஃபிரேம் என்பதற்கு அடையாளம். வெறும் 87 என்றோ 87-க்குப் பக்கத்தில் கூட்டல் குறி மட்டும் போட்டோ இருந்தால் அது பவர் இல்லாத கண்ணாடி. ஐரோப்பியத் தரமான இ.என். 166-இல் அடியின் வேகத்தைப் பொறுத்து எஸ், எஃப் என்ற எழுத்துகள் வரும். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 5983.

முத்திரை எதுவும் இல்லாமல் பக்கத் தடுப்பு மட்டும் ஒட்டியிருக்கிற ஃபிரேமை நான் சாதாரண ஃபிரேம் என்றே எண்ணுவேன். ரிம் இல்லாமல் துளை போட்டு மாட்டுகிற ஃபிரேமும், பாதி ரிம்மில் நைலான் நரம்பு கட்டுகிற சுப்ராவும் ஒர்க் ஷாப் பக்கமே போகக்கூடாது.

ஃபிரேம் முத்திரையோடுதான் இருக்கிறது. லென்ஸ் எதுவாக இருந்தால் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை கற்றுக்கொண்டது வேறொரு ஊரில், வேறொரு கடையில். அங்கே ஒரு ஃபிட்டர் நல்ல சேஃப்டி ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய பவருக்கு ஸ்டாக்கில் இருந்த சாதா ஃபைபர் லென்ஸையே வெட்டிப் போட்டுக் கொடுத்தோம். வித்தியாசம் எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து அந்த ஃபிரேமைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தார். கிரைண்டிங் வீல் உடைந்து ஒரு சில்லு வந்து அடித்திருக்கிறது. ஃபிரேமில் ஒரு கீறல்கூட இல்லை. வலது லென்ஸ் மூன்று துண்டாகப் போயிருந்தது. அதில் ஒரு துண்டு அவருடைய மேல் இமையைக் கிழித்திருந்தது. கருவிழி தப்பியது. அவர் கோபப்படவில்லை. "சேஃப்டி கண்ணாடின்னுதானே தம்பி போட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஃபிரேம், லென்ஸ், இரண்டையும் சேர்க்கிற ஃபிட்டிங் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் அது சேஃப்டி கண்ணாடி. லென்ஸ் எதைத் தாங்கவேண்டும் என்று பாருங்கள். ஆன்சி தரத்தின் சாதாரணச் சோதனையில், ஓர் அங்குல இரும்புக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து லென்ஸ் மேல் போடுவார்கள். கூடுதல் பலத்துக்கான சோதனையில், கால் அங்குல இரும்புக் குண்டை விநாடிக்கு 45 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடிப்பார்கள். அது மணிக்கு 160 கி.மீ.க்கும் மேல். அதோடு, கூர்முனை உள்ள அரைக் கிலோ எடையையும் அதே 127 செ.மீ. உயரத்திலிருந்து போடுவார்கள். லென்ஸ் உடையக்கூடாது, ஃபிரேமை விட்டுக் கழன்று கண் பக்கம் வரவும்கூடாது.

அடுத்தது தடிமன். "பாலி லென்ஸ்தானே போட்டிருக்கு" என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பாலி என்பது அடி தாங்குகிற ஒரு பிளாஸ்டிக். தினப்படிக் கண்ணாடிக்கு வருகிற மைனஸ் பவர் பாலி லென்ஸ் மெல்லியதாக, அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. காலிப்பர் வைத்து அளந்தால் நடுவில் 1 மி.மீ. சொச்சம்தான் இருக்கும். சேஃப்டிக்கு அது போதாது. கூடுதல் பலச் சோதனைக்கான பவர் லென்ஸுக்கு எந்த இடத்திலும் 2 மி.மீ. குறையக்கூடாது என்பது ஆன்சி கணக்கு. சாதாரணச் சோதனைக்கு மட்டும் உட்பட்ட லென்ஸ் என்றால் 3 மி.மீ. வேண்டும். மைனஸ் பவரில் நடுப்பகுதியையும் பிளஸ் பவரில் ஓரத்தையும் அளந்து பார்க்கவேண்டும், ஏனென்றால் அந்தந்த லென்ஸ் மெலிவது அங்கேதான். ஆகவே லென்ஸ் தயாரிக்கிற லேபுக்கு ஆர்டர் போடும்போதே "சேஃப்டி தடிமன்" என்று எழுதவேண்டும். பிறகு வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸைத் தேய்த்து மெல்லியதாக்கலாம், தடிப்பாக்க முடியாது.

ஃபைபர், பாலி, ட்ரைவெக்ஸ், கண்ணாடி என்று சொல்கிறார்களே, எது நல்லது?

நம் ஊரில் ஃபைபர் லென்ஸ் என்று சொல்வது சி.ஆர். 39 என்கிற பிளாஸ்டிக். பார்வைத் தெளிவில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் வேகமாக வருகிற சில்லு பட்டால் உடையும். வீட்டுக்கு, ஆபீஸுக்கு நல்லது. கிரைண்டர் முன்னால் வேண்டாம்.

பாலி என்பது பாலிகார்பனேட். அடிபட்டால் உடைவதற்குப் பதில் நெளிந்து, குழிந்து, அடியை வாங்கிக்கொள்ளும் குணம் உள்ளது. புற ஊதாக் கதிரையும் தன்னாலேயே தடுக்கும். குறை இரண்டு. மேற்பரப்பு மென்மையானது, ஹார்டு கோட் இல்லாவிட்டால் சீக்கிரம் கீறல் விழும். அதிகப் பவரில் ஓரம் வழியாகப் பார்த்தால் டியூப் லைட்டைச் சுற்றி லேசாக நிறம் தெரியும். சி.ஆர். 39-இன் ஆபே எண் 58, பாலியுடையது 30. இந்த எண் குறையக் குறைய நிறம் பிரிவது கூடும். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

ட்ரைவெக்ஸ் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பலத்தில் பாலியை ஒட்டி நிற்கும், தெளிவு பாலியைவிட மேல், எடையும் குறைவு, ரசாயனத்தையும் நன்றாகத் தாங்கும். விலை கூட, எல்லாப் பவரிலும் உடனே கிடைக்காது. கரைப்பான் புழங்குகிற இடத்தில் வேலை என்றால் காத்திருந்தாவது இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

பழைய கண்ணாடி லென்ஸ் உடைந்தால் கூர்மையான துண்டாகும். அதை நான் இதற்குப் போடுவதில்லை.

எனக்குப் போட்டது பாலிதானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். லேப்டாப் திரையை முழு வெள்ளையாக வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றைத் திரைக்கு முன்னால் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு, உங்கள் லென்ஸை இரண்டுக்கும் நடுவில் காட்டுங்கள். பாலியாக இருந்தால் வானவில் பட்டை பட்டையாகத் தெரியும். அச்சில் ஊற்றும்போதே அதற்குள் தங்கிவிடுகிற இறுக்கம்தான் அப்படி நிறமாகத் தெரிகிறது. ஃபைபரில் அது அநேகமாக இருக்காது. ட்ரைவெக்ஸிலும் மிகக் குறைவு. ஆகவே நிறம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம், பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

எங்களுக்கு லென்ஸை வெட்டும்போதே தெரிந்துவிடும். ஃபைபரைத் தண்ணீர் விட்டு வெட்டினால் தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாகத் தேங்கும். பாலி அப்படிப் பொடியாகாது, பஞ்சு மிட்டாய் இழை மாதிரி சுருண்டு சுருண்டு வரும். 1.67 மாதிரி மெல்லிய ஹை இண்டெக்ஸ் லென்ஸ் என்றால் கந்தக வாடை கடை முழுக்க அடிக்கும்.

லென்ஸை வெட்டி மாட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு மணி நேரத்தில் கொடுக்க மாட்டீர்களா?

சாதா ஃபிரேம் என்றால் கொடுத்துவிடலாம். சேஃப்டி ஃபிரேமுக்கு நான் நேரம் கேட்பதற்குக் காரணம் உண்டு.

தச்சர் பலகையில் காடி எடுத்து இன்னொரு பலகையைச் செருகுவார். ஃபிரேமின் ரிம்முக்குள்ளும் அப்படி ஒரு காடி ஓடும். லென்ஸின் ஓரத்தில் நாங்கள் சீவுகிற கூரான முனைக்குப் பெவல் என்று பெயர். அது காடிக்குள் போய் உட்காரும். சேஃப்டி ஃபிரேமில் காடி ஆழமாக இருக்கும். அதன் பின்பக்க உதடு முன்பக்கத்தைவிட உயர்ந்திருக்கும். முன்னாலிருந்து அடி விழுந்தால் அந்த உதட்டில் லென்ஸ் முட்டி நிற்கவேண்டும், கண் பக்கம் தள்ளிப் போகக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே லென்ஸை முன்பக்கமிருந்துதான் ஏற்றவேண்டும். பின்னாலிருந்து நெம்பித் திணித்தால் அந்த உதடு நசுங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

அளவு இன்னொரு சிக்கல். கொஞ்சம் சிறியதாகப் போனால் லென்ஸ் உள்ளே சுழலும், அடிபட்டால் கழன்றுவிடும். கொஞ்சம் பெரியதாக இருந்து இறுக்கி ஏற்றினால் ஃபிரேம் விரியும், லென்ஸ் வளையும், ஓரத்தில் இறுக்கம் தேங்கும். அந்த இடம்தான் பிறகு வெடிக்கும். மாட்டி முடித்ததும் இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பார்ப்பேன். ஒரே மாதிரி மங்கலான வரி ரிம்மைச் சுற்றி ஓடினால் சரி. எங்காவது ஒரு மூலையில் மட்டும் நிறம் குவிந்து நின்றால் கழற்றி, இன்னும் ஒரு மயிரிழை சீவி, மறுபடி ஏற்றுவேன். அப்புறம் இரண்டு கட்டை விரலையும் லென்ஸின் முன்பக்கத்தில் வைத்து உள்நோக்கி அழுத்திப் பார்ப்பேன். துளிகூட அசையக்கூடாது.

நைலான் ஃபிரேமைச் சூடுபடுத்தி விரிக்கிற பழக்கமும் இங்கே உதவாது. அசிட்டேட் ஃபிரேம் சூட்டில் இளகிக் கொடுத்துவிட்டுத் திரும்பிச் சேரும். பல சேஃப்டி ஃபிரேம்கள் அப்படிச் சேராது. ஆறியபடியே, அளவு சரியாக இருந்தால் "டக்" என்று உட்காரும். உட்காரவில்லை என்றால் வெட்டியதில் தப்பு, அதைச் சூட்டால் சரிசெய்ய முடியாது.

புதுக் கண்ணாடி போட்டதும் தலை சுற்றுகிறது. பவர் தப்பா?

பவர் சரியாக இருந்தும் சுற்றலாம். சேஃப்டி ஃபிரேம் அகலமானது. ஒரு கணக்குச் சொல்கிறேன். ஃபிரேமில் 56-18 என்று போட்டிருந்தால், இரண்டு லென்ஸின் நடுவுக்கும் இடையே 74 மி.மீ. உங்கள் இரண்டு கருவிழிக்கும் இடையே 62 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 6 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வெட்டவேண்டும். 65 மி.மீ. லென்ஸில் அப்படித் தள்ளினால் வெளி ஓரம் எட்டாது. எட்டவில்லையே என்று 3 மி.மீ. மட்டும் தள்ளி வெட்டிக் கொடுத்தால், மைனஸ் 4 பவர்காரருக்கு ஒரு கண்ணுக்கு 1.2 பிரிசம், இரண்டுக்குமாக 2.4 பிரிசம் தேவையில்லாமல் ஏறிவிடும். பிரிசம் என்பது லென்ஸ் ஒளியை ஒரு பக்கமாக விலக்குகிற அளவு. அந்த விலகலை ஈடுகட்ட இரண்டு கண்ணும் நாள் முழுக்க இழுத்துப் பிடித்து வேலை செய்யும். சாயங்காலம் தலைவலியில் வந்து முடியும். பெரிய லென்ஸ் ஆர்டர் போடுவதுதான் சரி.

சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு ஆக்சிஸ், அதாவது அந்தப் பவர் நிற்கவேண்டிய கோணம், முக்கியம். 10 டிகிரி திரும்பிவிட்டால் அந்தத் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 30 டிகிரி திரும்பினால் போட்டும் போடாதது மாதிரிதான். லென்ஸ் தளர்வாக இருந்து சுழலக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

முகத்தை வளைத்துப் பிடிக்கிற ராப் ஃபிரேம் என்றால் இன்னொன்றும் சேரும். லென்ஸ் சாய்ந்து நிற்பதால் சொன்ன பவர் கண்ணுக்குச் சற்று மாறிப் போய்ச் சேரும். லேபில் அதற்கு ஈடுகட்டித் தயாரிக்கவேண்டும். அதிகப் பவர் உள்ளவர்களிடம் நான் ராப் வேண்டாம், நேராக நிற்கிற ஃபிரேமையே எடுங்கள் என்பேன்.

40 வயது தாண்டிவிட்டது. கிட்டப் பார்வைக்கும் சேர்த்துப் போடலாமா?

போடலாம். ஆனால் உங்கள் வேலை எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் என்று எனக்குச் சொல்லவேண்டும். ஏணியில் ஏறுகிறவருக்கு பைஃபோகலின் கீழே உள்ள கிட்டப் பவர் கட்டம் படியை மங்கலாக்கும், கால் தவறும். அவருக்குக் கட்டத்தைத் தாழ்த்தி வைக்கவேண்டும், அல்லது தூரப் பவர் மட்டும் போதும். தலைக்கு மேலே உள்ள பேனலில் வயர் மாட்டுகிற எலக்ட்ரீஷியனுக்குக் கிட்டப் பவர் மேலேதான் வேண்டும். லேத்காரருக்கு அளவுகோல் படிக்கிற தூரம் ஒரு முழம். டேப் கொண்டுவந்து அளந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போட்ட கண்ணாடி ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை.

பக்கத் தடுப்பு கட்டாயமா? வேர்க்கிறது, கழற்றிவிடுகிறேன்.

சில்லு நேராக மட்டும் வராது. பக்கத்து மெஷின்காரர் கிரைண்டிங் போடும்போது உங்களுக்குப் பக்கவாட்டில்தான் வரும். கழற்ற முடியாத தடுப்பு உள்ள ஃபிரேமையே வாங்குங்கள். கடலூர் வேர்வை எனக்கும் தெரியும். ஓட்டை ஓட்டையாகக் காற்று போகிற தடுப்பும் வருகிறது.

சிப்காட்டில் கெமிக்கல் வேலை. இந்தப் பவர் சேஃப்டி கண்ணாடி போதுமா?

போதாது. தயவுசெய்து இதை நன்றாக மனதில் வையுங்கள். பவர் சேஃப்டி கண்ணாடி, பக்கத் தடுப்போடு இருந்தாலும், பறந்துவருகிற திடப்பொருளுக்கானது. திரவம் நெற்றி வழியாகவும் கன்னம் வழியாகவும் உள்ளே வந்துவிடும். தெறிக்கிற ரசாயனத்துக்கு முகத்தோடு ஒட்டி நிற்கிற, நேர்த் துளை இல்லாத காகிள்ஸ் வேண்டும். இ.என். முத்திரையில் அதற்கு 3 என்ற எண் இருக்கும். கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய பெரிய காகிள்ஸ் உண்டு. காகிள்ஸுக்கு உள்ளே பவர் லென்ஸை மாட்டுகிற சிறு சட்டமும் உண்டு. அதை இன்சர்ட் என்பார்கள். அடிக்கடி போட்டுக் கழற்றுகிறவருக்கு இன்சர்ட் வசதி. ஒன்று மட்டும், அந்த இன்சர்ட்டைத் தனியே எடுத்துக் கண்ணாடியாகப் போடக்கூடாது.

காரம் பட்டால் அமிலத்தைவிட மோசம். பல அமிலங்கள் மேல்திசுவை உறையவைத்து அங்கேயே ஓரளவு நின்றுவிடும். காஸ்டிக் சோடாவும் சுண்ணாம்பும் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகும். வெள்ளையடிக்கிறவர்களுக்கும், வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்துகிற குழந்தைகளுக்கும் இதே ஆபத்துதான். எது பட்டாலும் அந்த நொடியே குழாய்த் தண்ணீரில் இமையைத் திறந்துபிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும், காரம் என்றால் அதைவிடவும் நேரம். கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரி. மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் இருக்கிறது. என்ன ரசாயனம் என்று பெயரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

துறைமுகத்தில் ஃபைபர் போட் வேலை. லென்ஸ் இரண்டே மாதத்தில் வெள்ளையாகிவிட்டது. டூப்ளிகேட் லென்ஸா?

இல்லை. அசிட்டோன்.

ரெசின் கையில் ஒட்டினால் அசிட்டோன் தொட்ட துணியால் துடைப்பீர்கள். அதே துணியால், அதே கையால் கண்ணாடியையும் துடைப்பீர்கள். பாலிகார்பனேட்டுக்கு அசிட்டோன் ஆகவே ஆகாது. மேலே பனி படிந்த மாதிரி வெளுக்கும், வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே நுண்ணிய வெடிப்புகள் வலை மாதிரி ஓடும். அப்படிப்பட்ட லென்ஸ் அடி தாங்காது. தின்னரும் இதையேதான் செய்யும்.

இந்த வேலைக்கு நான் ட்ரைவெக்ஸ்தான் சொல்கிறேன். பாலிதான் போட முடியும் என்றால், மடித்த சுத்தமான துணி ஒன்றைத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டு, தண்ணீரும் துளி சோப்பும் மட்டும் பயன்படுத்துங்கள். படகின் உடம்பைத் தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடி இழைத் தூசிக்கு மூடிய காகிள்ஸ் தேவை. அந்தத் தூசி கண்ணில் விழுந்தால் கசக்கவே கூடாது, கழுவத்தான் வேண்டும்.

வெல்டிங் வேலைக்குக் கறுப்புப் பவர் லென்ஸ் போட்டுத் தாருங்கள்.

கூலிங் கிளாஸ் டின்ட் வேறு, வெல்டிங் ஷேடு வேறு. எவ்வளவு கறுப்பாக டின்ட் போட்டாலும் ஆர்க் வெளிச்சத்துக்கு அது காணாது. ஆர்க் வெல்டிங்குக்கு 10-ஆம் எண், அதற்கு மேல் என்று ஷேடு வேண்டும். அது ஹெல்மெட்டில்தான் இருக்கவேண்டும். அதற்கு உள்ளே நிறமில்லாத பவர் பாலி லென்ஸ் சேஃப்டி கண்ணாடி. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, வெல்டிங் மேல் படிகிற கசடான ஸ்லாக்கைத் தட்டும்போது கண்ணைக் காப்பது அதுதான். கண்ணில் துண்டு விழுகிற நேரமும் பெரும்பாலும் அதுதான்.

ஆர்க் அடித்தால் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், மண் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது எல்லாம் நம் பக்கம் வழக்கம். கண்ணுக்குள் கிருமி நுழைந்துவிடும் என்பதால் வேண்டாம் என்கிறேன். காலையில் கண் மருத்துவரிடம் போங்கள். இரும்புத் துகளை முடியாலும் நாக்காலும் எடுக்கிறவர்களிடமும் போகவேண்டாம்.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் போடலாமா?

வெளியில் மட்டுமே வேலை என்றால் போடலாம், பாலியிலும் கிடைக்கிறது. வெளியிலிருந்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் அது வெளுக்கச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு ரொம்ப நீளம்.

ஏ.ஆர். கோட், பனி படியாத கோட் வேண்டுமா?

ஏ.ஆர். என்பது லென்ஸில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கிற பூச்சு. நைட் ஷிஃப்ட் என்றால் அது நல்லது. ஆனால் சில கோட்டிங் லென்ஸின் அடி தாங்கும் திறனைக் குறைக்கும். கோட்டிங் போட்ட பிறகு சோதித்த லென்ஸா என்று லேபில் கேட்டுத்தான் நான் வாங்குகிறேன். ஏ.சி. கன்ட்ரோல் ரூமிலிருந்து நம் கடலோரக் காற்றுக்கு வெளியே வந்தால் லென்ஸ் உடனே வேர்க்கும். அந்த நேரத்தில்தான் பலர் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். பனி படியாத கோட்டுக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை.

சாதாக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு சேஃப்டி கண்ணாடி போட்டால் செலவு மிச்சம்தானே?

பார்வையாளராக எப்போதாவது பிளான்ட்டுக்குள் போகிறவருக்குச் சரி. எட்டு மணி நேரம் போடுகிறவருக்கு மூக்கு வலிக்கும், நான்கு பரப்பில் தூசி படியும், கடைசியில் மேலே போட்டதைக் கழற்றி வைத்துவிடுவார். கான்டாக்ட் லென்ஸும் பாதுகாப்பு ஆகாது, அதற்கு மேலேயும் சேஃப்டி கண்ணாடி வேண்டும்.

எனக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. வேலைக்குப் போகிறேன்.

அப்படியானால் வேலை நேரம் மட்டும் போதாது. வீட்டில், பைக்கில், தேங்காய் உடைக்கும்போது, எப்போதும் பாலி அல்லது ட்ரைவெக்ஸ் லென்ஸ் போட்ட கண்ணாடியோடு இருங்கள். பவரே இல்லை என்றாலும் போடுங்கள். பார்வை இல்லாத கண் பக்கமும் அதே லென்ஸ்தான் வேண்டும். பணம் குறைவாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும் சாதா லென்ஸ் கேட்டவர்கள் உண்டு. நான் போடவில்லை. விலையைக் குறைத்துக்கொண்டு சரியானதையே போட்டேன்.

எப்போது மாற்றவேண்டும்?

லென்ஸில் நகத்துக்குத் தட்டுப்படுகிற கீறலோ குழியோ வந்தால் மாற்றுங்கள். அடி முதலில் பிளப்பது அந்தக் குழியைத்தான். வெல்டிங் பொறி ஒட்டிய புள்ளிகளும் அப்படியே. ஒருமுறை பலமாக அடி வாங்கி உங்களைக் காப்பாற்றிய கண்ணாடியை, உடையவில்லை என்றாலும், மறுபடி போடாதீர்கள். சட்டை நுனியால் துடைக்காமல் முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத் துடைத்தால் நீண்ட நாள் வரும்.

செலவை யார் ஏற்பது?

1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே கண் பாதுகாப்புக்கென்று 35-ஆம் பிரிவு இருந்தது. சில்லு தெறிக்கிற, வெளிச்சம் தாக்குகிற வேலைகளுக்குத் தடுப்போ தகுந்த காகிள்ஸோ தரவேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அது அதிகாரம் கொடுத்தது. அதனால் பாதுகாப்புக் கருவி கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைக்கவேண்டாம். சேஃப்டி ஆபீசரிடம் எழுத்தில் கேளுங்கள். பவர் உள்ளவர்களின் பட்டியலை மொத்தமாக அனுப்பி வாங்கித் தருகிற கம்பெனிகள் என்னிடம் வருகின்றன. கேட்காத இடத்தில்தான் கிடைக்காமல் போகிறது. கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். அவர்களுக்கு ஃபிரேமில் சிக்கனம் பார்த்து, லென்ஸ் தடிமனில் கை வைக்காமல் போட்டுத் தருகிறேன்.

கடைக்கு வரும்போது என்ன கொண்டுவரவேண்டும்?

புதிய பவர் சீட்டு. ஒரு வருடத்துக்கு மேலான சீட்டு என்றால் மறுபடி சோதித்துவிட்டு வாருங்கள். இப்போது போடுகிற கண்ணாடியையும் எடுத்துவாருங்கள், லென்ஸோமீட்டரில் வைத்துப் பழைய பவரும் மையமும் பார்க்கவேண்டும். வேலையில் ஹெல்மெட், மாஸ்க் போடுவீர்கள் என்றால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் மேல் ஃபிரேம் எப்படி உட்காருகிறது என்று போட்டுப் பார்க்காமல் அளவெடுக்க மாட்டேன். சேஃப்டி லென்ஸை லேபிலிருந்து வரவழைக்கவேண்டும், ஆகவே ஷட்டவுன் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வராமல், பத்து நாள் முன்னதாக வாருங்கள்.